சுமாரான கை, கடைசி இருக்கை: போக்கரில் பட்டனிலிருந்து ஆடுவது எப்படி?

போக்கரில் ஏஸ் ஜோடி வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எப்போதாவதுதான் வரும் என்பதுதான் சிக்கல். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கையில் கொடுத்து, நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகளைத் திறந்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டமில் கைக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. அதில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஜோடிகளையும் ஏஸ்-ராஜாவையும் கூட்டினால் வெறும் 40. அதாவது 33 கைக்கு ஒரு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூறு கை போட்டால் மூன்று கை இப்படி வரும். மீதி நேரமெல்லாம் கையில் இருப்பது ராஜா-9, ராணி-10, ஏஸ்-4, 5 ஜோடி, இரண்டும் ஆர்டினாக 8-7. இவற்றை எப்படி ஆடுகிறோம் என்பதில்தான் ஒரு மாலையின் ஆட்டமே அடங்கியிருக்கிறது.

இந்தக் கைகளுக்குத் தனியாகப் பெரிய மதிப்பு கிடையாது. நாம் கடைசியாகப் பேசும் டீலர் இருக்கையில், அதாவது பட்டனில், உட்கார்ந்திருப்பதும், நமக்கு இடப்பக்கம் இருக்கும் இரண்டு பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதும்தான் மதிப்பைத் தருகின்றன. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் பல, "பட்டனில் இருந்தால் பாதிக் கைகளை ரெய்ஸ் போடு" (தொகையை உயர்த்து) என்கின்றன. அவை எதிராளி ஃபோல்ட் பண்ண, அதாவது சீட்டைக் கீழே வைத்து விலகத் தெரிந்த டேபிளுக்கு எழுதப்பட்டவை. தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலோ வியாசர்பாடியில் ஒரு வீட்டு ஹாலிலோ நடக்கும் ஆட்டத்தில், "இன்னாப்பா, ரெண்டு சீட்டைப் பார்த்துட்டு கீழ வெக்கறதுக்கா வந்தேன்? ஃபிளாப்பையாவது பார்க்கறேன்" என்பவர்தான் அதிகம் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்தான் ஃபிளாப்). அந்த அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிப்ஸ் கரையும். நம் டேபிளுக்கு அதை எப்படித் திருத்துவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது பிளாஸ்டிக் சிப்ஸ் வைத்து, காசில்லாமல், நண்பர்களுக்குள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. சூதாட்ட விடுதி நடத்துவதற்கு எதிராக 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே காசு வேண்டாம். எல்லோருக்கும் சமமாக 1,000 சிப்ஸ் கொடுத்து, தீர்ந்தவர் வெளியே என்று வைத்து, யார் எத்தனையாவதாக வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில மாதங்களுக்குப் பிறகு அந்த நோட்டுக்கே தனி மரியாதை வந்துவிடும். காசு இல்லாததால் எல்லோரும் தாராளமாகக் கால் பண்ணுவார்கள், அதாவது மற்றவர் வைத்த அளவுக்குச் சமமாகப் போட்டு உள்ளே இருப்பார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கீழே உள்ளதெல்லாம்.

படி 1: இருக்கையைப் புரிந்துகொள்வது

டீலர் பட்டனாக எதையும் வைக்கலாம். எங்கள் பக்கத்தில் கேரம் ஸ்ட்ரைக்கர் இல்லாத வீடு குறைவு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் யார் முன்னால் இருக்கிறதோ அவர் பட்டன். அவருக்கு இடப்பக்கம் சின்ன பிளைண்ட், அடுத்து பெரிய பிளைண்ட்; இந்த இருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சிப்ஸ் வைக்க வேண்டும், அந்தத் தொகைக்கும் பிளைண்ட் என்றே பெயர். பட்டனுக்கு வலப்பக்கம் இருப்பது கட்-ஆஃப், அதற்கும் வலப்பக்கம் ஹைஜாக்.

ஃபிளாப்புக்கு முன் பட்டனுக்குப் பிறகு பேச இரண்டு பிளைண்டுகள் மட்டுமே பாக்கி. ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் பட்டன்தான் கடைசி. செக் பண்ணினாரா (எதுவும் வைக்காமல் விட்டாரா), எவ்வளவு பெட் வைத்தார், வைக்கும்போது தயங்கினாரா என எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் வாய் திறக்கிறீர்கள். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது உறைக்க நேரமாகும். அங்கே நல்ல சீட்டு வந்தால் ஆடு, இல்லையென்றால் முதலிலேயே ஸ்கூட் என்பதுதான் பழக்கம். வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதைப் பெரிதாக யோசிப்பதில்லை. இங்கே அதே ராஜா-9, முதல் ஆளுக்கு ஃபோல்ட், பட்டனுக்கு ரெய்ஸ்.

டேபிளில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு அப்போதுதான் மாலை நேரம் கையில் இருக்கும், டேபிளும் ஒன்பது பேரோடு நிறையும். மற்ற மாதங்களில் ஐந்து, ஆறு பேர்தான். ஐந்து பேர் டேபிளில் கட்-ஆஃபுக்கு முன் ஒரே ஒருவர்தான் பேசியிருப்பார். ஒன்பது பேர் டேபிளில் ஐந்து பேர் பேசி முடித்திருப்பார்கள். பெயர் கட்-ஆஃபாகவே இருந்தாலும் அங்கிருந்து கிடைக்கும் தகவல் ஒன்றல்ல.

படி 2: கைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது

சுமாரான கைகள் எல்லாமே ஒரே மாதிரி சுமாரல்ல.

சின்ன ஜோடிகள், அதாவது 2 ஜோடி முதல் 6 ஜோடி வரை. இவை ஃபிளாப்பில் மூன்றாகும் வாய்ப்பு 11.8 சதவீதம், ஏறக்குறைய எட்டரைக்கு ஒன்று. ஆகாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான். ஆடுவது சுலபம், முடிவில் குழப்பம் வராது.

ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த சீட்டுகள்: 8-7, 9-8, ஜாக்கி-10. இவற்றை எல்லோரும் அளவுக்கு மீறி விரும்புகிறார்கள். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வைத்திருந்தால் ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) விழுவது 0.8 சதவீதம்தான், நான்கு சீட்டு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருக்கும் நிலை சுமார் 11 சதவீதம். "ரெண்டும் இஸ்பேட், அதான் வந்தேன்" என்று ஜாக்கி-3ஐ ஆடுகிறவருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். சின்னம் கொஞ்சம் கூடுதல் பலம் தரும், குப்பையைத் தங்கமாக்காது.

ஒரே சின்னத்தில் ஏஸும் சின்னச் சீட்டும்: ஏஸ்-2 முதல் ஏஸ்-5 வரை. ஃபிளஷ் அடித்தால் பெரும்பாலும் நம்முடையதே பெரியது. ஏஸ்-2-3-4-5 வரிசைக்கும் வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது.

வெவ்வேறு சின்னத்தில் பெரிய சீட்டுகள்: ராஜா-9, ராணி-9, ராஜா-8, ஏஸ்-7. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், சிப்ஸைத் தின்பதும் இவைதான். ராஜா விழுந்தால் ஜோடி கிடைக்கும், ஆனால் எதிரே ராஜா-ராணி இருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே உங்கள் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதுவும் பெரிய பாட்டாக (பாட் என்பது நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்ஸ்) தோற்பீர்கள், ஏனென்றால் ராஜா ஜோடியைக் கீழே வைக்க மனசு வராது.

படி 3: உங்களுக்கு முன்னால் என்ன நடந்தது?

கையைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். எல்லோரும் ஃபோல்ட் பண்ணியிருக்கலாம். சிலர் வெறும் பிளைண்ட் அளவுக்குக் கால் பண்ணி உள்ளே வந்திருக்கலாம். யாராவது ரெய்ஸ் போட்டிருக்கலாம்.

எல்லோரும் ஃபோல்ட். பிளைண்ட் 10-20 என்று வையுங்கள். நடுவில் 30 சிப்ஸ். நீங்கள் 50க்கு ரெய்ஸ் போட்டால், 30ஐ எடுக்க 50ஐப் பணயம் வைக்கிறீர்கள். இரண்டு பிளைண்டும் சேர்ந்து ஃபோல்ட் பண்ணும் வாய்ப்பு 62.5 சதவீதத்தைத் தாண்டினால், கையில் என்ன இருந்தாலும் அந்த ரெய்ஸ் உடனே லாபம். ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு முறை ஃபோல்ட் பண்ணினால் இருவரும் சேர்ந்து ஃபோல்ட் பண்ணுவது 64 சதவீதம். சரிப்பட்டு வரும். பத்துக்கு ஏழு என்றால் 49. நம் டேபிள்போலப் பாதிக்குப் பாதி என்றால் வெறும் 25.

ஆக, நாலில் மூன்று முறை ஃபிளாப் பார்க்கப்போகிறீர்கள். அப்படியென்றால் ஃபிளாப்பில் உயிரோடு இருக்கும் கையைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கால் பண்ணும் ஆட்கள் பிளைண்டில் இருந்தால், நான் பட்டனில் எல்லா ஜோடிகளையும், ஒரே சின்னத்தில் ஏஸ் வைத்த எல்லாக் கைகளையும், ஏஸ்-8க்கு மேற்பட்டதையும், ராஜா-10, ராணி-10, ஜாக்கி-10ஐயும், ஒரே சின்னத்தில் 6-5 முதல் மேலே உள்ள அடுத்தடுத்த சீட்டுகளையும் ரெய்ஸ் போடுவேன். வெவ்வேறு சின்னத்தில் ராஜா-7, ராணி-8, ஏஸ்-3 எல்லாம் கீழே. இருவருமே பிளைண்டை எளிதில் விட்டுக்கொடுப்பவர்கள் என்றால் மட்டும் அவற்றையும் சேர்ப்பேன். கட்-ஆஃபில் இருந்தால் இந்தப் பட்டியலின் அடிப்பகுதியை வெட்டிவிடுங்கள், பட்டன் இன்னும் பேசவில்லை.

இன்னொரு எண்ணும் நினைவில் இருக்கட்டும். உங்கள் கையில் ஏஸ் இல்லையென்றால், இரண்டு பிளைண்டில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்கும் வாய்ப்பு 29 சதவீதம். ராஜா-9ஐ ரெய்ஸ் போட்டு, ஃபிளாப்பில் ஏஸ் விழும்போது இதை யோசியுங்கள்.

சிலர் வெறும் கால் பண்ணி வந்திருந்தால். வீட்டு ஆட்டத்தில் இதுதான் அதிகம். மூன்று பேர் 20, 20, 20 போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நடுவில் 90, நீங்கள் போட வேண்டியது 20. சின்ன ஜோடியும் ஒரே சின்னத்து 9-8உம் இங்கே பொன்னான கைகள், ரெய்ஸ் போடாமல் கூடவே போங்கள். நிறைய பேர் உள்ளே இருப்பதால், அடித்தால் கொடுக்க யாராவது இருப்பார்கள். சின்ன ஜோடிக்கு ஒரு தோராய விதி: நீங்கள் போடும் தொகையைப்போல் 15 மடங்காவது உங்களிடமும் எதிராளியிடமும் பாக்கி இருக்க வேண்டும். 20 சிப்ஸ் போட்டால் 300. எட்டரைக்கு ஒரு முறைதான் அடிக்கும் என்பதையும், அடிக்கும்போதெல்லாம் முழுச் சம்பளம் கிடைக்காது என்பதையும் சேர்த்துத்தான் இந்த 15.

ஒரே ஒருவர் மட்டும் வந்திருந்து, அவர் ஃபிளாப்பில் எதுவும் அடிக்காவிட்டால் விட்டுவிடுகிறவர் என்று தெரிந்தால், ஏஸ்-9, ராஜா-10 போன்ற கையோடு 80க்கு ரெய்ஸ் போட்டு அவரைத் தனியாகப் பிடிக்கலாம். மூன்று பேர் வந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். மூன்று பேரும் கால் பண்ணுவார்கள், சுமாரான கையோடு பெரிய பாட்டின் நடுவே நிற்பீர்கள்.

முன்னால் ரெய்ஸ் விழுந்திருந்தால். வழக்கமாகக் கால் மட்டுமே பண்ணும் ஒரு பெரியவர் முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் போடுகிறார் என்றால் அவரிடம் கை இருக்கிறது. வெவ்வேறு சின்னத்து ராஜா-10ஐ அப்படியே கீழே வையுங்கள். அவரிடம் ஏஸ்-ராஜா இருந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் உங்களுக்கு. அதே ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ஒரே சின்னத்து 8-7க்கு 40 சதவீதத்தை ஒட்டி வாய்ப்பு உண்டு. சிறிய கை அதிகம் வெல்கிறதே என்று வியப்பாக இருக்கும். காரணம் எளிது: 8ஓ 7ஓ விழுந்தால் அது உங்களுக்கு மட்டுமே உதவும். ராஜா விழுந்தால் அவருக்கும் சேர்த்து உதவும். ஆகவே ரெய்ஸுக்கு எதிராக, இருவரிடமும் நிறைய சிப்ஸ் இருந்தால், 8-7ஐக் கால் பண்ணுங்கள், ராஜா-10ஐ விடுங்கள். ஆசை சொல்வதற்கு நேர் எதிர் இது.

கட்-ஆஃபில் ஒரு துடிப்பான பையன் அடிக்கடி ரெய்ஸ் போடுகிறான் என்றால் ஒரே சின்னத்து ஏஸ்-5ஐ வைத்து மறு ரெய்ஸ் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் அவனுக்கு ஏஸ் ஜோடி அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸ்-ராஜா அமையும் வழிகள் 16லிருந்து 12ஆகவும் குறைகின்றன. அவன் ஃபோல்ட் பண்ணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் கால் போதும்.

படி 4: இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள்

சிப்ஸைத் தொடும் முன் இரண்டு பிளைண்டையும் பாருங்கள். சீட்டை ஏற்கெனவே தூக்கிப்போடத் தயாராகப் பிடித்திருப்பவர், சிப்ஸைக் கையில் எண்ணிக்கொண்டிருப்பவர், அத்தோ பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஆட்டத்தையே மறந்தவர். எல்லாமே தகவல்.

முக்கியமாக, யாரிடம் எவ்வளவு சிப்ஸ் பாக்கி என்று பாருங்கள். பெரிய பிளைண்டில் இருப்பவரிடம் மொத்தமே 160 என்றால், அவர் ஃபிளாப் பார்க்க மாட்டார், ஆல்-இன் போடுவார், அதாவது இருப்பதையெல்லாம் வைத்துவிடுவார். நீங்கள் 50க்கு ரெய்ஸ், சின்ன பிளைண்ட் ஃபோல்ட், அவர் 160. நீங்கள் இன்னும் 110 போட்டால் நடுவில் இருக்கும் 220ஐ வெல்லலாம். தேவையான வாய்ப்பு 33 சதவீதம். ஒரே சின்னத்து 7-6 இரண்டு பெரிய சீட்டுக்கு எதிராக அதைத் தாண்டும், பெரிய ஜோடிக்கு எதிராகத் தாண்டாது. ராஜா-4 அவரது ஏஸ்-ராஜாவுக்கு எதிராகத் திணறும். ஆல்-இன் வந்தால் என்ன செய்வேன் என்ற பதில் ரெய்ஸ் போடும் முன்பே உங்களிடம் இருக்க வேண்டும். "ஃபோல்ட்தான்" என்பது பதிலானால் அந்த ரெய்ஸே வேண்டாம்.

படி 5: ஃபிளாப்

ஜோடியில்லாத கைக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது கிடைப்பது மூன்றுக்கு ஒரு முறைதான். எதிராளிக்கும் அதே நிலைதான். கடைசியாகப் பேசுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

ஒரே எதிராளி, நடுவில் 110, அவர் செக். 40 பெட் வையுங்கள். இது லாபமாக அவர் 27 சதவீத நேரம் ஃபோல்ட் பண்ணினால் போதும். அவர் மூன்றில் இரண்டு முறை எதுவும் அடிக்காமல் இருப்பார். அதில் பாதியை விட்டுக்கொடுத்தாலே உங்களுக்குக் கணக்குச் சரியாகிவிடும். ஏஸ்-8-3, ராஜா-7-2 போல, சின்னங்கள் கலந்து தொடர்பில்லாமல் விழும் ஃபிளாப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். 9-8-7 என்று இரண்டு கிளாவரோடு விழுந்தால் செக் பண்ணிவிடுங்கள். அந்த ஃபிளாப் பிளைண்டில் இருப்பவரின் கைகளுக்குத்தான் அதிகம் பிடிக்கும்.

மூன்று எதிராளிகள் இருந்தால் எல்லோருமே தவறவிடும் வாய்ப்பு தோராயமாக 30 சதவீதம். அங்கே ஒன்றுமில்லாமல் பெட் வைப்பது வீண். செக் பண்ணி, டர்னை இலவசமாகப் பாருங்கள். பட்டனுக்கு மட்டுமே அந்த உரிமை.

ஃபிளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி என்றால் உதவும் சீட்டுகள் ஒன்பது. அடுத்த சீட்டில் வருவது 19 சதவீதம், இரண்டு சீட்டும் பார்த்தால் 35. வேகமாகக் கணக்கிட, உதவும் சீட்டுகளை ஒரு சீட்டுக்கு 2ஆலும் இரண்டு சீட்டுக்கு 4ஆலும் பெருக்குங்கள். நடுவில் 100, ஒருவர் 50 வைக்கிறார், இன்னொருவர் கால். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 250. தேவை 20 சதவீதம். 19க்கும் 20க்கும் சின்ன வித்தியாசம்தான், அடித்த பிறகு கிடைக்கப்போவது அதை ஈடுகட்டும். ஆனால் ஐந்து பேர் உள்ள பாட்டில் ஆர்டின் 9-8ஐ வைத்து ஃபிளஷ் அடித்து, நடுவில் நான்காவதாக இன்னொரு ஆர்டினும் விழுந்தால் அமைதியாகிவிடுங்கள். யாரிடமோ ராணியோ ராஜாவோ ஆர்டினில் இருக்கும்.

படி 6: மேல் ஜோடி, பலவீனமான துணைச் சீட்டு

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். சுமாரான கை தோற்கும்போது கொஞ்சமாகத்தான் போகும், பாதி அடித்தபோதுதான் மொத்தமும் போகும்.

பட்டனில் உங்களுக்குக் கிளாவர் ராஜா, டைமன் 9. எல்லோரும் ஃபோல்ட். பிளைண்டில் இருப்பவர்களில் ஒருவர் எளிதில் விடுகிறவர் என்பதால் 50க்கு ரெய்ஸ். சின்ன பிளைண்ட் போய்விட்டார். பெரிய பிளைண்டில் இருக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் கால். நடுவில் 110. ஃபிளாப்: இஸ்பேட் ராஜா, ஆர்டின் 7, ஆர்டின் 4. அண்ணன் செக். நீங்கள் 50 வைக்கிறீர்கள், அவர் கால். நடுவில் 210. டர்ன்: கிளாவர் 2. அவர் மறுபடி செக்.

இப்போது என்ன? அந்த அண்ணன் 7 ஜோடியையும் ஆர்டின் இரண்டையும் விடாமல் கால் பண்ணுகிறவர் என்றால் 90 வையுங்கள். அவர் மோசமான கையோடு கொடுக்கத் தயாராக இருக்கிறார், வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். அவர் பார்த்துப் பார்த்து ஆடுகிறவர் என்றால் செக். நல்ல ராஜாவோடு மட்டுமே அவர் தொடர்வார். 7ஐக் கீழே வைத்துவிடுவார். நீங்கள் வைத்த 90க்குப் பதிலாக அவர் 300க்கு ரெய்ஸ் போட்டால், ஃபோல்ட். வீட்டு ஆட்டத்தில் செக் பண்ணிவிட்டு டர்னில் ரெய்ஸ் போடுகிறவரிடம் ராஜா-9ஐ வெல்லும் கை இருக்கும். விதிவிலக்கு மிகக் குறைவு. "அண்ணே, காட்டுங்க" என்று கேட்டு 300 சிப்ஸ் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டர்னில் இருவரும் செக் பண்ணியிருந்தால், ரிவர் டைமன் 10 விழுந்து அவர் 100 வைக்கிறார் என்று கொள்வோம். 310ஐ வெல்ல 100; தேவை 24 சதவீதம். டர்னில் நீங்கள் காட்டிய பலவீனம்தான் அவரைப் பெட் வைக்கத் தூண்டியது. தவறிப்போன ஆர்டின்களும் அந்தப் பெட்டில் இருக்கும். கால் பண்ணுங்கள். மொத்தம் 200 சிப்ஸில் கை முடிந்துவிட்டது. இதே ராஜா-9ஐ மூன்று முறையும் பெரிய பெட்டாக வைத்திருந்தால், கடைசியில் உங்களைக் கால் பண்ணுகிறவரிடம் ராஜா-ராணியோ அதைவிடப் பெரியதோதான் இருந்திருக்கும்.

படி 7: வீட்டில் பழகுவது

ஆட்டம் இல்லாத நாளில் ஒரு கட்டு சீட்டை எடுத்து, மூன்று பேருக்குப் போடுங்கள்: பட்டன், சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். உங்கள் கையை மட்டும் பார்த்து, ரெய்ஸா ஃபோல்ட்டா என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு மற்ற இரண்டையும் திருப்புங்கள். உங்கள் டேபிளில் அந்த இருக்கைகளில் உட்காரும் ஆட்களை மனதில் வைத்து, அவர் இந்தக் கையோடு கால் பண்ணுவாரா என்று கேளுங்கள். ஃபிளாப்பைப் போட்டு, உங்கள் ஜோடி யாருக்கு அடங்குகிறது என்று பாருங்கள். ஐம்பது முறை போட்டாலே ராஜா-8 மீதான ஆசை தானாகக் குறையும், ஒரே சின்னத்து ஏஸ்-4 மீது மரியாதை கூடும்.

ஆட்ட நாளில், முடிவுகளை எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு கோடு போடுங்கள்: பிளைண்டில் ரெய்ஸ் வந்தபோது விட்டது ஒரு பக்கம், கால் பண்ணியது மறுபக்கம். ஒருவருக்கு இருபது முறையாவது சேர்ந்த பிறகு அந்தக் கணக்கைப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை விடுகிறவர் இருவர் அடுத்தடுத்து உட்கார்ந்தால், அடுத்த வாரம் அவர்களுக்கு வலப்பக்கத்து நாற்காலியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.